ஒரே வாசலில் மூன்று நோவாக்

அன்புள்ள அண்ணா,

இன்று காலை தமிழரசி பிராக் நகரிலிருந்து ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தாள். அவளும் மாப்பிள்ளையும் புதிதாகக் குடிபுகுந்த அடுக்ககத்தின் வாசல் அது. அழைப்புமணிப் பொத்தான்களின் அருகே அந்தந்த வீட்டாரின் குடும்பப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றுள் மூன்று, நோவாக். "நடுவுல இருக்கறதுதாம்மா நாங்க. மத்த ரெண்டு வூட்டுக்காரங்க யாருன்னே தெரியாது" என்றாள். களி கிண்டிக்கொண்டிருந்த நான் உரக்கச் சிரித்துவிட்டேன். உங்களிடம் காட்ட வேண்டுமென்றுதான் முதலில் தோன்றியது. நீங்கள் இல்லை என்பது அதற்குப் பிறகே நினைவுக்கு வந்தது.

உடன் பணிபுரியும் தோமாஷ் நோவாக்கை மணக்க விரும்புவதாக அவள் சொன்னபோது, அவனது நாட்டையோ மதத்தையோ நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. "பையன் நல்லவனா இருந்தாச் சரி" என்றீர்கள். பிறகு நம் வழக்கப்படி தந்தை வழியையும் தாய் வழியையும் விசாரித்தீர்கள். அவனுடைய அம்மாவும் பிறந்த வீட்டில் நோவாக் குடும்பத்தவரே என்று அவள் வெள்ளந்தியாகச் சொல்ல, உங்கள் முகம் இறுகிவிட்டது.

"அப்பன் வூடும் நோவாக்கு, ஆத்தா வூடும் நோவாக்கா? பங்காளிக்குள்ளயே கட்டியிருக்கறாங்களே! அண்ணன் தங்கச்சி மொறை ஆவுது கண்ணு."

"அங்கெல்லாம் அப்படிப் பாக்க மாட்டாங்க மாமா."

"எங்க போனாலும் மொறை மொறைதான். நான் மாலை எடுத்துக் குடுக்க வர மாட்டன்."

தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் நம் வீட்டுப் பெண் எவளும் மணவறை ஏறியதில்லை. தகப்பனை இழந்த என் மகளுக்கு அந்த இடத்திலும் நீங்களே நின்றவர். நீங்கள் வராத திருமணம் வேண்டாம் என்றாள் அவள். வேறொருவனையும் மணக்க மாட்டேன் என்றாள்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அகராதியின் துணையால் ஆங்கிலத்தைத் தானே கற்றவள் நான். அந்தப் பெயரின் தோற்றுவாயைத் தேடிப் படித்தேன். வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவனை, 'புதியவன்' என்னும் பொருளில் அந்நாட்டு ஊரார் அழைத்த பெயராம் அது. ஊர்தோறும் எவரேனும் புதிதாக வந்து குடியேறினர். ஊர்தோறும் ஒரு நோவாக் உண்டானார். செக் நாட்டிலும் ஸ்லோவேனியாவிலும், எழுத்து சற்றே மாறிப் போலந்திலும், மிகப் பலர் தாங்கும் குடும்பப் பெயர் அதுவே. பெயர் ஒன்றாயினும் முன்னோர் ஒருவரல்லர்.

தக்காளித் தோட்டத்தில் நின்றிருந்த உங்களிடம் இதனை எடுத்துரைத்தேன். நீங்கள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"நம்ம ஊரு இண்டூர்ல நம்மள என்னன்னு சொல்றாங்க அண்ணா?" என்றேன்.

"புதூரார் வூடுன்னு. பாட்டன் காலத்துல வந்தவங்கல்ல நாம."

"நல்லம்பள்ளியிலயும் ஒரு புதூரார் வூடு இருக்குதுங்களே. அவங்க நமக்குப் பங்காளிங்களா?"

"அவங்க யாரோ, எங்கிருந்து வந்தாங்களோ! பென்னாகரத்துலகூட ஒரு புதூரார் வூடு இருக்குது. நம்ம சித்தப்பனே அங்கதான பொண்ணு எடுத்..."

பாதியில் நிறுத்தினீர்கள். கையிலிருந்த தக்காளியைக் கூடையில் போட்டீர்கள். "அடி இவளே!" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தோட்டத்தார் திரும்பிப் பார்த்தார்கள். "மாலைக்குச் சொல்லி வெச்சிரு. ரோசாப்பூவா இருக்கட்டும்."

திருமணத்தன்று மச்சினர் உங்கள் காதோரம் வந்து, "மாப்பிள்ளைக்கு அப்பனும் ஆத்தாளும் ஒரே கூட்டமாமே, பங்காளிங்களாமே?" என்று கிசுகிசுத்தார். "வெவரம் தெரியாம பேசாதீங்க மச்சான். ஊருக்குப் புதுசா வந்தவங்களுக்கு வெச்ச பேரு அது. ஊரு ஊருக்கு இருப்பாங்க" என்றீர்கள், பிறந்தது முதல் அறிந்தவர்போல. பிறகு மாலையுடன் மணவறை நோக்கி நடந்தீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். அந்தப் பிடிவாதத்தோடே போயிருந்தால், உங்களை இழந்த துயரத்துடன் உங்கள் மீதான மனக்குறையையும் நான் சேர்த்துச் சுமந்திருப்பேன். இன்று என்னிடம் இருப்பது துயரம் மட்டுமே. அதை என்னால் சுமக்க முடிகிறது, அண்ணா.

உங்கள் தங்கை