சறுக்குக் குளத்தருகே மேடம் கேட்டது

அன்புள்ள அம்மாவுக்கு, ஜொகூரிலிருந்து வஹ்யுனி சலாம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலமாக இருக்கிறேன்.

முதலாளி குடும்பத்தோடு கேளிக்கைப் பூங்கா விடுதியில் தங்கியிருக்கிறோம். அறைச் சுவரெல்லாம் டைனோசர் படம். நேற்று குழந்தை மெய் யீ அப்பாவோடு சறுக்குக் குளத்தில் சிரித்து விளையாடினாள். மேடத்துக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. தன் அம்மாவோடு இதுதான் கடைசிப் பயணம் என்று மெய் யீக்குத் தெரியாது. மேடத்தின் தொப்பியைச் சரிசெய்ய நான் குனிந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்குப் போறேன்னு சொன்னியே, போகாத வஹ்யுனி. அவ உன்கிட்டதான் தூங்குவா."

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, மேடம்."

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

நான் தலையாட்டிவிட்டேன், அம்மா. அதனால் பெருநாளுக்கு வர முடியாது. கவலைப்படாதீர்கள், இங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது. ரத்ரியின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். இன்னும் விரல் சூப்புகிறாளா என்றும் எழுதுங்கள்.

மெய் யீ ஈரத்தலையோடு வந்து நிற்கிறாள், துவட்ட வேண்டும். நான் எப்போது வருவேன் என்று ரத்ரி கேட்டால் நீங்களே ஏதாவது சொல்லிவிடுங்கள். என்னால் முடியாது.

உங்கள் மகள்,
வஹ்யுனி