எதிர்வீட்டில் வைத்த சூட்கேஸ்

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கனடாவிலிருந்து கொண்டுவந்த குளிர் ஜாக்கெட் மூன்றிலும் பூஞ்சை. கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். குண்டாக மூன்று விருந்தாளிகள் வந்து போகாமல் நிற்கிற மாதிரி இருக்கிறது. மகள் சாரு போகும்போதும் வரும்போதும் ஆளுக்கு ஒரு குத்து.

செய்ய வேண்டியவை:
ஆரியசாலை மிளகுக் கடை ஜிஎஸ்டி கணக்கு
அப்பாவுக்கு இ.சி.ஜி.
சாருவுக்கு ஷூ
கனடா சிம் ரீசார்ஜ்
டிக்கெட் (போன மாதப் பட்டியலிலும் இருந்தது)

அப்பா பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்துவிட்டார். வியாழனன்று ஆடி பிறக்கிறது, ஆடியில் யாரும் யாத்திரை கிளம்பமாட்டார்கள், நாளைக் காலை ராகுகாலத்துக்கு முன் நல்ல நேரம் என்றார். டிக்கெட்டே இல்லையே என்றேன்.

"டிக்கெட் மெதுவா வரட்டும். பெட்டி கிளம்பட்டும்."

பரஸ்தானம் வைக்கச் சொல்கிறார். நல்ல நாளில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், பெட்டியை மட்டும் அந்த நேரத்தில் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பெட்டி திரும்ப வீட்டுப்படி ஏறக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். கனடாக்காரன் சட்டத்தைவிட எவ்வளவோ தேவலை.

ஜூலை 14, திங்கள்

காலை ஏழு மணிக்குள் சூட்கேஸை எதிர்வீட்டு மாமியிடம் ஒப்படைத்தாயிற்று. நேற்று என் மனைவி கௌரிதான் அடுக்கினாள். நான் குடை பிடித்தேன், சக்கரம் சேற்றில் புதைந்தது. மாமி ஏற்கெனவே கோலம் போட்டு வைத்திருந்தாள், மழை அதை அழித்திருந்தது.

ஏரோப்ளேன் மாமியாத்துலேருந்தா கிளம்பும் என்று சாரு கேட்டாள்.

அப்பாவுக்குத் திருப்தி. "நாணு கிளம்பியாச்சு ஆக்கும்" என்று தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்கிறார். கிளம்பிய நான் பஸ் ஏறி ஆரியசாலை போய், மிளகு நெடியில் தும்மிக்கொண்டே ஜிஎஸ்டி கணக்கு போட்டேன். முதலாளி, திருநெல்வேலிக்காரர், எப்பம் போறீய என்று கேட்டார். சீக்கிரம் என்றேன். இரண்டு வருஷமாக இதே பதில். எனக்கே சலித்துவிட்டது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. மழை இல்லை, புழுக்கம்.

பழவங்காடியில் மாடியில் இருக்கும் விசா கன்சல்டன்சிக்குப் போனேன். அங்கே இருப்பது ஒரு மலையாளிப் பெண், பொறுமைசாலி. எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை சொன்னேன். கனடாவில் வேலை போனது, அப்பாவுக்கு பைபாஸ் என்று வந்தது, கையில் இருந்தது ஆஸ்பத்திரிக்கும் இன்னும் கட்டி முடியாத பிளாட்டுக்கும் போனது, அங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான பி.ஆர். கார்டு காலாவதியானது. இதை எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று. சொல்லும்போதே யாருடைய கதையோ போல இருக்கிறது.

கார்டு போனால் பரவாயில்லையாம். உரிமை போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடைசி ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷம் அங்கே இருந்திருக்க வேண்டும். நான் இங்கே கழிக்கும் ஒவ்வொரு நாளுக்கும், அங்கே இருந்த நாளில் ஒன்று பின்னாலிருந்து உதிர்கிறது. என் கணக்குப்படி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உடனே விண்ணப்பித்தால் விமானம் ஏற ஒரு காகிதம் தருவார்கள். முத்திரைகளைப் பார்க்க வேண்டும், பழைய பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னாள்.

நாள் குறைந்தால், பணம் இல்லாததால் வரமுடியவில்லை என்று எழுதலாமா என்று கேட்டேன். எழுதலாம், அதை மட்டும் நம்பவேண்டாம் என்றாள். சாரு அங்கே பிறந்தவள், அந்த நாட்டுப் பிரஜை, அவளோடு இங்கே இருந்த நாட்களைச் சேர்க்கக்கூடாதா என்றும் கேட்டேன். பிரஜை புருஷனோ பெண்டாட்டியோ ஆனால் சேரும், குழந்தை ஆனால் சேராதாம்.

படி இறங்கும்போது கூப்பிட்டாள். "வைஃபின்டெ கார்டு எந்நு வரே உண்டு?"

நவம்பர் வரை என்று நினைக்கிறேன் என்றேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடிந்தது. அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

பழைய பாஸ்போர்ட் சூட்கேஸில். சூட்கேஸ் எதிர்வீட்டில்.

ஜூலை 19, சனி

மறுபடி மழை. அப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, நாற்பத்திரண்டு வயதில். பெட்டி இங்கே வரக்கூடாது, நீ அங்கே போய்த் திற என்று தீர்ப்பு.

மாமி அதை சுவாமி அறைக்குப் பக்கத்தில் வைத்து, மேலே சந்தனப் பொட்டும் இட்டிருக்கிறாள். காப்பி கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். தரையில் உட்கார்ந்து திறந்தேன்.

என் சட்டைகள். என் ஸ்வெட்டர். என் ஜாக்கெட், நடுவில் வேப்பிலை வைத்து மடித்தது. அடியில் பழைய பாஸ்போர்ட்.

கௌரியுடையது ஒன்றுகூட இல்லை. சாருவுடையதும் இல்லை. ஒரு டிக்கெட்டுக்குத்தான் வழி உண்டு, அது எனக்கு என்று அவள் எப்போதோ முடிவு செய்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன் என்று தெரியும். மற்ற இரண்டு ஜாக்கெட்டும் எங்கே போயின என்று நான் கேட்கக்கூட இல்லை.

பாஸ்போர்ட்டைப் பிரித்தால் ஒரு முத்திரை. அப்பாவுக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்தபோது ஓடிவந்து, நாற்பது நாள் இருந்துவிட்டுப் போயிருக்கிறேன். அடியோடு மறந்துபோயிருந்தேன். ஊரார் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் பார்க்கிறவன். கழித்தேன். குறைகிறது. போன மாதமே குறைந்துவிட்டது. தெரியாமல் மேலே மேலே கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அழுகை வரவில்லை. பசித்தது. மாமி அடை போட்டாள், மூன்று சாப்பிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

கௌரியின் கார்டைப் பார்த்தேன். நவம்பர் வரை இருக்கிறது. அவள் எனக்கு ஒரு வருஷம் பின்னால் அங்கே வந்தவள், சாருவின் பள்ளிக்கூடத்துக்காக ஒரு வருஷம் பின்னால் இங்கே திரும்பியவள். அவள் கணக்கில் நாட்கள் தாராளம். கார்டு முடிவதற்குள் விமானம் ஏறிவிட்டால் ஒரு காகிதமும் வேண்டாம். அங்கே போய் நிலைத்தபின் அவளே என்னை அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். கன்சல்டன்சிக்கு போன் செய்து கேட்டேன். அதான், அன்றே தோன்றியது என்றாள்.

கௌரி துணி பிழிந்துகொண்டிருந்தாள். சொன்னேன். கையை நிறுத்தவில்லை.

"ரெண்டு வருஷமா இந்த ஆத்துல உங்க கார்டு, உங்க கார்டுன்னு ஒரே பேச்சு. என்னோடத ஒரு நாள் எடுத்துப் பார்த்தேளா? நானும்தான் பார்க்கல."

பிறகு பிழிந்த துணியையே திரும்பப் பிழிந்தாள். கார் ஓட்டத் தெரியாது, பனியில் ஒருமுறை விழுந்து மணிக்கட்டு போனது, தனியாக ஒரு ராத்திரி இருந்ததில்லை, சாருவை விட்டு எப்படி என்றாள். சாருவின் இடம் எங்கும் போகாது, பிரஜை, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றேன். அது சாருவுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுதிவைக்கிறேன், வேறு யாரிடம் சொல்ல. என்னுடைய ஊர் அது, நான்தான் முதலில் போனேன், இவளை நான்தான் அழைத்துப்போனேன். இப்போது இவள் அழைத்தால்தான் நான்.

ஜூலை 22, செவ்வாய்

அப்பாவிடம் சொல்லியாயிற்று. பொம்மனாட்டி தனியாகவா, என்றுதான் ஆரம்பிப்பார் என்று தயாராக இருந்தேன். அவர் கவலை வேறு. பரஸ்தானம் வைத்தது என் நட்சத்திரத்துக்கு. அது கௌரிக்குச் செல்லுமா? பஞ்சாங்கத்தில் இதற்கு விதி இல்லை. புரோகிதம் பண்ணும் வாத்தியாருக்குப் போன் போட்டார். வாத்தியார், பெட்டி ஒண்ணு, தம்பதி ஒண்ணு, செல்லும் என்றிருக்கிறார். புண்ணியவான். அந்தக் கனடாக்காரன் ஆபீஸில் இவரை உட்காரவைக்க வேண்டும்.

சாருவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஸ்கூலில் ஓணம் டான்ஸுக்குச் சேர்ந்திருக்கிறாளாம், அம்மா முன்வரிசையில் உட்காரணுமாம்.

ஜூலை 25, வெள்ளி

டிக்கெட் ஆயிற்று. ஒன்று. ஆவணி பிறந்த மறுநாள். கௌரி வளையலைக் கழற்றிக்கொண்டு தானே சாலைக் கடைத்தெருவுக்குப் போய்வந்தாள், என்னைக் கூப்பிடவில்லை. கனடாவில், பிராம்ப்டனில் அவள் ஒன்றுவிட்ட அக்கா வீட்டு பேஸ்மென்ட்டில் ஓர் அறை. டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேரை சரியா அடிச்சிருக்கான் என்றாள்.

சாருவிடம் அவளே சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் கண் வீங்கியிருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

தூறல். கௌரியின் துணிகளை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். அவளுடையதை வைத்து, என்னுடையதை எடுத்தேன். வேப்பிலையை அவள் ஜாக்கெட்டுக்கு மாற்றினேன். என் துணி ஒரு பெட்ஷீட் மூட்டையாயிற்று. மாமி, நன்னா இருப்பேள் போ என்றாள். தெருவைக் கடந்து வந்தேன்.

அப்பா வாசலில். மூட்டையைப் பார்த்தார். கிளம்பியது திரும்பி வருகிறது. வழியை மறித்தார் என்று சொல்லமாட்டேன், நகரவில்லை, அவ்வளவுதான்.

"வாசல் வழியா வேண்டாம்டா, நாணு. கொல்லைப்புறமா வா."

வாதாட எனக்குத் தெம்பில்லை. இந்தத் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர். கொல்லைக்குப் போகவேண்டுமானால் தெருக்கோடி வரை நடந்து சந்தில் திரும்ப வேண்டும். நடந்தேன். மழை நின்றிருந்ததால் எல்லார் வீட்டிலும் வாசலில் ஆள். கோடிவீட்டு மாமா பேப்பரை இறக்கிவிட்டு மூட்டையைப் பார்த்தார்.

"என்னடா நாணு, கனடாக்குக் கிளம்பியாச்சா?"

"கௌரி போறா மாமா" என்றேன்.