காலுக்குத் தெரியவில்லை

செவ்வாய், இரவு.

பாக்கியம் அக்காவின் கால் முறிந்துவிட்டது. தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் எதிரே வந்தார். நடந்து வந்த என்னைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கினார். மழை ஈரம். கால் சறுக்கி, பாதையோரம் மழைநீர் ஓடும் கானுக்குள் விழுந்துவிட்டார்.

இந்தத் தோட்டத்துக்கு உதவி மேலாளராக, இவர்கள் வாயில் சின்னத்துரையாக, வந்த முதல் நாளே, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோரிடமும் சொன்னேன். "எனக்காக யாரும் பாதைய விட்டு எறங்க வேணாம். நானும் ஒங்கள மாதிரி லயத்து வீட்டுல பொறந்தவன்தான்." தலையாட்டினார்கள். அடுத்த நாளும் ஒதுங்கித்தான் நின்றார்கள். போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட பிறகு கட்டிலருகே போனேன். "ஒதுங்க வேணாம்னு நான்தான் சொன்னேனே அக்கா" என்றேன். குரலில் கோபம் இருந்ததோ என்னவோ.

"நீங்க சொன்னீங்கதான் தொரை. காலுக்குத் தெரியலையே."

என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் இனி எப்போது கொழுந்து பறிக்க மலைக்குப் போவது? அதுவரை கூலியில்லாமல் அந்த வீட்டில்...

சாயங்காலம் திரும்பி வரும்போது பங்களாவுக்கு முன்னால் தோட்டத்தின் மேலாளரான பெரியதுரை எதிரே நடந்து வந்தார். கால் முறிந்த சேதியைச் சொன்னேன்.

"நாளைக்கு அந்த மலைக்கு ஆள் காணுமா, கொறையுமா?" என்று மட்டும் கேட்டார்.

"காணும் சேர்" என்றேன். அவர் போய்விட்டார்.

இரண்டு லொறி விலகிப் போகக்கூடிய அகலமான பாதை அது. அவர் போன பிறகுதான் குனிந்து பார்த்தேன். என் சப்பாத்து இரண்டும் கானுக்குள் இருந்தன.