ஓதின பால்

ஐப்பசி 12, செவ்வாய்.

புதுமடத்துப் பெண்ணுக்கு இன்று பித்தப்பை ஆபரேஷன். காலையில் வார்டில், "ஒண்ணும் சாப்பிடலைல்ல?" என்று அவசரமாகக் கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். ஃபார்மில் 'வெறும் வயிறு' என்று டிக் போட்டுத் தியேட்டருக்கு அனுப்பிவிட்டேன்.

அங்கே மயக்க மருந்து டெக்னீஷியன் ஜெசிந்தா மறுபடி கேட்டிருக்கிறாள். "ஓதின தண்ணி, பால் ஏதும் குடிச்சீகளா லாத்தா?"

"மாமி ஒரு டம்ளர் பால் ஓதிக் குடுத்தாக. அது சாப்பாடு இல்லையே, எல்லாம் நல்லபடியா முடியணும்னு பரக்கத்துக்குத்தானே."

மயக்கத்தில் அந்தப் பால் மேலேறி நுரையீரலுக்குள் போயிருந்தால்? அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

ஜெசிந்தா ஃபார்மை என்னிடம் கொண்டுவந்து, "மாத்தி எழுதிருங்க சிஸ்டர்" என்றாள். அவ்வளவுதான். நான் போட்ட டிக்கை வெட்டிவிட்டு, 'பால் குடித்திருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷனைத் தள்ளிவைத்த டாக்டர் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னார். "சிஸ்டர் கேட்டதால ஒரு உயிர் தப்பிச்சது."

ஜெசிந்தா பக்கத்தில்தான் நின்றாள். பிரிக்காத டியூப்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நான் "தேங்க்யூ சார்" என்றேன்.