கியர்பாக்ஸில் ஒரு ஈரக் கோடு

மாப்பிள்ளை,

இன்று காலை மறுபடியும் மண்ணெண்ணெயும் சாக்பீஸும் எடுத்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே உன்மேல் கோபம் வந்துவிட்டது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாதாம். உன்னைப் போல ஒருவன் வாய்க்காதவர்கள் சொல்கிற பேச்சு அது.

என் தங்கையைக் கட்டினாய், சரி. அவளைவிட அந்தக் காரைத்தான் கொஞ்சினாய். மன்னார்குடியில் என் பட்டறையின் பின்பக்கம் போட்டு இருவரும் இழைத்தோம். இரட்டை கார்புரேட்டர் மாட்டினோம். ஸ்பிரிங்கை வெட்டி, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினோம். மெட்ராஸ் பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்தாகிவிட்டது. "ஒரே ஒரு தடவை ஓட்டிட்டேன்னா போதும் மச்சான். அப்புறம் அண்ணன் சொல்ற வேலையைப் பாத்துக்கிட்டுக் கெடக்குறேன்" என்பாய். உன் அண்ணனோ, நில உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்ப எந்த வயலை யார் பேரில் மறைப்பது என்று அலைந்துகொண்டிருந்தார். அறுப்பில் கிளம்பிய கூலிச் சண்டை உளுந்து எடுக்கும்வரை ஆறவில்லை. தெருவுக்கு ஒரு கொடி, வாய்க்கால் பாலத்துக்கு இரண்டு போலீஸ்காரர்கள்.

அப்போதுதான் கியர்பாக்ஸில் எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. "எதுலயாவது அடிபட்டுச்சா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லயே" என்றாய். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய், அதுதான் இன்னும் ஆறவில்லை. நான் நம்பினேன். ஆயில் சீலை மாற்றினேன். சொட்டியது. பேக்கிங்கை மாற்றினேன். சொட்டியது. தஞ்சாவூர் போய் வேறு சீல் வாங்கி வந்து மாட்டினேன், அப்போதும் சொட்டியது. மல்லாந்து படுத்துப் படுத்து என் முதுகு போனதுதான் மிச்சம். நீ ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பந்தயத் தேதியைச் சொல்லிக்கொண்டே இருந்தாய்.

கடைசியில் ஆத்திரம் தாங்காமல் கியர்பாக்ஸையே கழற்றிவிட்டேன். பல்சக்கரங்களைச் சுற்றியிருக்கும் அலுமினிய ஹவுசிங்கைத் துடைத்து, வெளியே சாக்பீஸ் பொடி பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிவைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பூச்சில் முடி மாதிரி ஓர் ஈரக் கோடு எழுந்தது. கீழ்ப்பக்கத்திலிருந்து பேரிங் உட்காரும் இடம்வரை ஓடியது. தானாக வந்த விரிசல் இல்லை அது, அடி வாங்கியது.

"இது என்னய்யா?" என்று கத்தினேன். "எனக்கென்ன தெரியும்?" என்று எழுந்து போய்விட்டாய்.

புது ஹவுசிங் மெட்ராஸிலிருந்து வர ஒரு மாதம் பிடிக்கும். முதல் நாளே தெரிந்திருந்தால் வந்து சேர்ந்திருக்கும். வேறு வழியில்லாமல் வெல்டிங் வைத்தோம். சூட்டில் பேரிங் குழி கோணிக்கொண்டது. மாட்டி ஓட்டிப் பார்த்தால் மூன்றாவது கியர் தானாக வெளியே துள்ளியது. பிரித்தேன், சுரண்டினேன், மறுபடி மாட்டினேன். மறுபடியும் துள்ளியது. பந்தயம் போயே போய்விட்டது. அதற்கப்புறம் நீ எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை.

உன் காரியத்தன்று, கீழத்தெருவிலிருந்து ஓர் அம்மாள் என்னைத் தேடி வந்தார். அந்தக் காலத்தில் உங்கள் வயலில் கூலிக்கு நின்றவர்.

"அந்தக் காரு என் கல்லுலதாங்க இடிச்சிச்சு" என்றார்.

நம் பக்கத்து வழக்கம்தானே! உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பினால், போகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்துக் கொடுக்கும். செடி சிதறாமல் இருக்க ஓரத்தில் கல் வைப்பார்கள். ஒரு கல் உருண்டு செடிக்குள் புதைந்திருக்கிறது. மற்ற வண்டிகள் அதைத் தாண்டிப் போயிருக்கும். நாம் இறக்கிவிட்ட கார் தாண்டுமா?

"எறங்கிப் பாத்தாருங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். 'கல்லத் தூக்கி வாய்க்கால்ல போடு. இந்தப் பக்கம் காரே வரலன்னு சொல்லு. எங்க அண்ணன் காதுல விழுந்தா, கல்லு வச்சுக் கொல்லப் பாத்தாங்கன்னு உங்க தெருவையே உள்ள தள்ளிடுவாரு'ன்னாருங்க."

சரி, அண்ணனிடம் சொல்லாதே. என்னிடம் சொல்வதற்கென்ன? அதையும் அந்த அம்மாளே சொல்லிவிட்டார். "மச்சான்கிட்டயும் சொல்ல முடியாது, அவரு வாயி ரேடியோ" என்று சிரித்தாயாமே! அங்கே சிரித்துவிட்டு வந்து, இங்கே ஒன்றுமே தெரியாதவன் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாயே, பாவி. எனக்கு அழுகையும் வந்தது, உன்னை நாலு அறை அறையவும் தோன்றியது.

இன்று பட்டறைக்கு வந்த காரும் தரையோடு தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார்தான். வேளாங்கண்ணி போய்த் திரும்பும் வழியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறது. சாக்பீஸில் அதே ஈரக் கோடு. பக்கத்தில் எண்ணெயோடு ஒட்டியிருந்த உளுந்துத் தோலை விரலால் துடைத்தேன். டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போனில் முதலாளி குதித்தார்: "அந்தாளு எதுல கொண்டுபோயி இடிச்சான்? எந்த ஊரு ரோடு? கேஸ் போடணும், உண்மையைச் சொல்லுங்க!"

"பழைய விரிசலுங்க. இப்பத்தான் வாய் விட்டிருக்கு" என்றேன்.

ரேடியோ பாடவில்லை மாப்பிள்ளை. அதைக் கேட்க நீதான் இல்லை.