விசில் ஊதியதும்

ஜூன் 3
என் மனைவியின் தம்பி ஏணியை வாங்கிப் போனவன் இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்டால், "இந்த வயசுல ஏணி எதுக்கு மாமா? நீங்க விழுந்தா எங்கக்காதான் அழணும்" என்கிறான். வாய் மட்டும் குறைச்சலில்லை மச்சானுக்கு.

ஜூன் 9
மழை. விடவே இல்லை.

ஜூன் 10
விடிவதற்குள் மண் சரிந்துவிட்டது. கீழ்த்தெருவே இல்லை. மச்சான் வீடு இருந்த இடத்தில் சேறு. சந்தைச் சுமைக்காரர்கள், வெல்டர், தையல்காரி எல்லோரும் யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். கடப்பாரை, வாளி, வெறுங்கை. மதியத்துக்கு மேல் மீட்புத் துறை வந்தது. வந்ததும் முதல் வேலையாகக் கயிறு கட்டினார்கள்.

"பெரியவரே, கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க."

"உள்ள கிடக்கிறது என் மச்சான். உங்க மச்சானா?"

நான் நகரவில்லை.

ஜூன் 11
ஆள் போதாமல் அவர்களே எங்களை உள்ளே விட்டார்கள். ஒரு நிபந்தனை: விசில் ஊதினால் எல்லாம் நிற்க வேண்டும், பேச்சு உட்பட. மண்ணுக்கடியில் சத்தம் வருகிறதா என்று கருவி வைத்துக் கேட்பார்களாம். எழுதப் படிக்கக்கூட எவனும் சொல்லித்தராமல் கற்றவன் நான். இனிமேலா அடங்கப்போகிறேன்?

விசில் ஊதினார்கள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. "டேய் மச்சான்!" என்று கத்தினேன். சுமைக்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள். கருவியைக் காதில் மாட்டியிருந்த பெண் அதிகாரி அதைக் கழற்றிவிட்டாள்.

"ஏதோ தட்டுற மாதிரி இருந்துச்சு. நீங்க கத்தினதுல போயிடுச்சு."

"கூப்பிடாம எவன்மா பதில் சொல்வான்?"

மறுபடி ஊதினார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 12
தட்டினது அவன்தானா? இல்ல தண்ணி சொட்டுச்சா? அந்தப் பொண்ணுகிட்டயே போய்க் கேட்டுட்டேன். "தெரியலைங்க ஐயா"ங்கிறா. தெரியலையாம் — அப்புறம் எதுக்கு வாயத் திறந்து சொல்லணும்?

ஜூன் 14
ஏணி கிடைத்தது. ஒரு படிகூட உடையவில்லை.

ஜூன் 17
மச்சான் கிடைக்காமலே தேடுவதை நிறுத்திவிட்டார்கள். சுமைக்காரர்கள் சந்தைக்குத் திரும்பினார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. மனைவி என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்டால், நான் செய்தது சரி என்று சொல்வேன்.

அவள் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 2
ஆற்றுக்கு அக்கரையில் இன்னொரு சரிவு. வெல்டரின் வண்டியில் போனோம். அதே பெண் அதிகாரி. அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. கயிற்றின் முனையை என் கையில் கொடுத்தாள்.

விசில் ஊதினார்கள். என் வயதுக்காரி ஒருத்தி மகனைக் கூப்பிட்டபடி கயிற்றைத் தாண்டி ஓடிவந்தாள். பிடித்து நிறுத்தி அவள் வாயைப் பொத்தினேன். கடித்தாள்.

கையை எடுக்கவில்லை.