கார்பாலிக்கில் கழுவிய கொடி

இஞ்சேருங்கோ,

இன்று காலை தோட்டத்து ஆஸ்பத்திரி வராந்தாவைக் கார்பாலிக் என்ற கிருமிமருந்து ஊற்றிக் கழுவினார்கள். உங்கள் இடத்தில் காயத்துக்கு மருந்து கட்டப் புது டிரெசர் வந்துவிட்டார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. போத்தலும் கையுமாய் மலாயாவின் இந்த ஸ்கூடாய் ரப்பர்த் தோட்டம் முழுக்கக் கிருமியைத் தேடி அலைந்த மனிதரல்லவா நீங்கள்!

நான் சைவம், நீங்கள் கிறிஸ்தவ வேதம். நாம் கட்டிய நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் உங்கள் அண்ணர் வருவார், என் பொட்டை அழிக்கச் சொல்லி. நீங்கள் மருந்துப் போத்தல்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பீர்கள். எந்த ஞாயிறு அவர் பக்கம் சாய்ந்துவிடுவீர்களோ என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த நாளில்தான் ரப்பர் நட மலைக்காட்டை வெட்டிக் கொளுத்தினார்கள். அங்கே பயற்றுச் சாதியில் ஓர் ஊதாப்பூக் கொடி இருந்தது. வேறெங்கு தேடியும் உங்களுக்கு அது அகப்படவில்லை. தீ வைக்குமுன் ஒரு கொடியை வேரோடு பெயர்த்து வந்தீர்கள். வேர் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டிகள். ரப்பர் மரங்கள் வேர் நோயில் சாவதைப் பார்த்துப் பழகிய கண், சும்மா இருக்குமா? "நோய் பிடிச்சிட்டுது" என்று அத்தனையையும் கத்தரித்து, வேரைக் கார்பாலிக் தண்ணீரில் கழுவி முற்றத்தில் நட்டீர்கள். கொடி மஞ்சளித்துப் போயிற்று.

பிறகு, ரப்பர் கன்றுகளுக்கிடையே விதைத்த பயற்றங்கொடியைப் பார்க்க விவசாய அதிகாரி ஒருவர் வந்தார். ஒன்றைப் பிடுங்கி, அதே கட்டிகளைப் பெருமையாய்க் காட்டினார். உள்ளே இருப்பது மண்கிருமியாம். காற்றிலிருந்து கொடிக்கு உரம் எடுத்துக் கொடுக்கிறதாம். வீடு வந்த உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் அதின்ர சோத்தையெல்லோ பறிச்சிட்டன்!"

அந்தக் கிருமி அதில் உயிரோடு இருக்குமென்று, அன்றே ஓடைக்கரையில் தீப்படாமல் கிடந்த காட்டு மண்ணைத் தகரத்தில் சுமந்து வந்து வேரடியில் கொட்டினீர்கள். "டிரெசரய்யா மண்ணுக்கு மருந்து கட்டுறாருடோய்!" என்று பால்வெட்டு ஆட்கள் சிரித்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

கொடி பிழைத்தது. பூத்தபோது தோட்டமே பார்க்க வந்தது. நீங்கள் மண்ணைத்தான் தடவிக்கொண்டிருந்தீர்கள். "இந்தப் பூ அழிஞ்சால் நாலு பேராவது கவலைப்படுவினம். உள்ளுக்கிருக்கிறது அழிஞ்சால் ஆருக்குத் தெரியும்? பூ இல்லாமலும் அது மண்ணுக்குள்ள கிடந்து சீவிக்கும். அதில்லாமல் பூ எங்க?"

அந்த ஞாயிறும் அண்ணர் வந்தார். "எப்பதான் அவவின்ர பொட்டை அழிக்கப் போறாய்?"

"ஒண்டைக் கழுவிப் பார்த்திட்டன் அண்ணை. இனி ஒண்டையும் கழுவமாட்டன்."

அன்று அடுப்படியில் நின்று அழுதேன். புகை என்று சொன்னேன், நீங்களும் நம்பினீர்கள். அப்போது சொல்லாத நன்றியை இப்போது சொல்கிறேன்.

உங்களை அடக்கம் செய்த அன்று பொட்டை அழிக்கச் சொன்னார்கள், உங்கள் சனமும் என் சனமும். ஒருநாளும் ஒத்துப்போகாத இரண்டு பக்கமும் அன்றைக்குத்தான் ஒத்துப்போயின. நான் கண்ணாடி முன் நின்று இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டேன்.